பெற்றோரின் ஆறு மாத அமெரிக்கப் பயணம்: மாத்திரையை எடுத்துப் போவதா, அங்கே வாங்குவதா?

மகளுக்குப் பிரசவம், பேரனுக்கு முதல் பிறந்தநாள் என்று அமெரிக்கா கிளம்பும் அப்பா அம்மாவுக்கு பி-2 என்ற சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. சொந்த உபயோகத்துக்காக உடன் கொண்டுவரும் மருந்துக்கு அந்த நாட்டுச் சுங்கத் துறை சொல்லும் பொது அளவோ 90 நாள்தான். மீதி 90 நாளுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விடை இருக்கிறது. ஒருவர் மொத்தத்தையும் பெட்டியில் அடுக்குகிறார். இன்னொருவர் கூரியரை நம்புகிறார். மூன்றாமவர் அடுத்த மாதம் வரப்போகும் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்கிறார். அங்கேயே டாக்டரைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு.

இந்த வழிகளில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே மருந்துச் சீட்டில் இருக்கும் எட்டு மாத்திரைகளில் ஐந்தை எடுத்துப் போவது சரியாக இருக்கும், ஒன்றை அங்கே வாங்குவது மலிவாக இருக்கும், ஒன்றைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுவது நல்லது, ஒன்றைத் தொடவே கூடாது என்று இருக்கும். மொத்தமாக ஒரு முடிவு எடுக்கிற வீடுகளில்தான் சிக்கல் வருகிறது.

ஆகவே முதல் வேலை, டிக்கெட் போட்ட கையோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்புவது. அட்டையின் பின்புறம் இருக்கும் பிராண்டு பெயரை விட்டுவிடுங்கள். அதன் அருகே இருக்கும் வேதிப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டு மாத்திரையாக இருந்தால் அதில் உள்ள இரண்டு மூன்று பெயர்களையும் அளவோடு எழுதுங்கள். எந்த நாட்டுச் சட்டமும் இந்தப் பெயரைத்தான் பார்க்கும். அப்புறம் அட்டையில் மருந்துச் சீட்டைக் குறிக்கும் 'ஆர்எக்ஸ்' என்ற குறியைத் தேடுங்கள். வெறும் 'ஆர்எக்ஸ்' இருந்தால் அது சாதாரணமாகச் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து. சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' என்று இருந்தால் நம் நாட்டிலேயே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்கம், பதற்றத்துக்கான மாத்திரைகளும், 2018 முதல் டிரமடால் என்ற வலி மாத்திரையும் இந்த வகை. இந்தக் குறி உள்ள அட்டையைக் கண்டதும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆனால் அந்தக் குறி ஒன்றை மட்டும் நம்ப முடியாது. நம் ஊரில் சாதாரணமாக இருந்து, போதைக்குப் பயன்படக்கூடும் என்று வெளிநாட்டில் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துகள் உண்டு. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று சொல்லும் பெரியவர்களுக்கு டாக்டர்கள் எழுதும் 'நரம்பு மாத்திரை' இதற்குச் சரியான உதாரணம். வீட்டில் அதை வைட்டமின் மாத்திரை என்றே நினைத்திருப்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு பிரிகாபலின் 75 மில்லிகிராம் என்று இருக்கும். அந்தப் பிரிகாபலின் அமெரிக்காவில் கட்டுப்பாட்டு மருந்துகளின் ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறது. பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் கட்டுப்பாட்டு மருந்து. அப்பா ஒரு பாவமும் அறியாமல் வைட்டமின் என்று சொல்லி நீட்டும் அட்டை, சுங்க அதிகாரியின் கண்ணில் வேறாகத் தெரியும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது எட்டிசோலம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிற மாத்திரை. சில நேரம் படபடப்புக்கான புரோப்ரனலாலோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவில் இது எப்போதும் அங்கீகாரம் பெற்றதில்லை. 2023 ஜூலையில் அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்பு நிர்வாகம் தற்காலிக ஆணை ஒன்றின் மூலம் இதை முதல் அட்டவணையில் சேர்த்தது. ஹெராயின் இருக்கும் அட்டவணை அது. மற்ற அட்டவணை மருந்துகளைப் பயணி தன் சொந்தச் சிகிச்சைக்காகக் கொண்டுவர விதிவிலக்கு உண்டு. முதல் அட்டவணைக்கு அந்த விதிவிலக்கே கிடையாது. டாக்டர் கடிதம் எத்தனை இருந்தாலும் பயன் இல்லை. தொடவே கூடாது என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

பிரித்து வைத்தாயிற்று. இனி வழிகளைப் பார்ப்போம்.

உடன் எடுத்துப் போவது

பெரும்பாலான மாத்திரைகளுக்கு இதுவே முதல் வழி. உடம்புக்குப் பழகிய மருந்து, பழகிய அளவு, பழகிய விலை. அமெரிக்காவின் 90 நாள் கணக்கை ஓர் உரிமையாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்நாட்டு மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் அங்கீகாரம் இல்லாத மருந்தைக் கொண்டுவருவதே ஏட்டளவில் அனுமதிக்கப்படாதது. நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கிய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைகூட அந்தக் கணக்கில் அங்கீகாரம் பெற்றது ஆகாது. சொந்த உபயோகத்துக்கு, மூன்று மாதத்துக்கு மிகாமல், ஆபத்தில்லாத மருந்தாக இருந்தால் அதிகாரி தன் விருப்புரிமையில் விட்டுவிடலாம் என்பதுதான் நடைமுறை.

அப்படியானால் ஆறு மாத மாத்திரையைக் கொண்டுபோகலாமா? கொண்டுபோகிறவர்கள் ஏராளம், பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் கேட்டால் நம் பக்கம் நிற்க விதி எதுவும் இருக்காது. ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, தைராய்டு போன்ற, போதைக்குச் சம்பந்தமே இல்லாத மாத்திரைகள் பறிபோனால் இழப்பு பணமும் அலைச்சலும்தான். கட்டுப்பாட்டு மருந்தில் அந்தத் துணிச்சல் ஒருபோதும் வேண்டாம். என் பரிந்துரை, எல்லாவற்றிலும் 90 நாளோடு நிறுத்துவது. மிச்சத்துக்கு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

பிரிகாபலின், அல்பிரசோலம் போன்றவற்றை அமெரிக்காவுக்கு எடுத்துப் போக மூன்று நிபந்தனை உண்டு: மருந்து வாங்கியபடியே அதன் அட்டையில் இருக்க வேண்டும், சட்டப்படி நமக்காக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், இறங்கியதும் சுங்கத்தில் நாமே சொல்லிவிட வேண்டும். இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் குடியிருப்பவர், அந்நாட்டு டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் வெளிநாட்டில் வாங்கிய கட்டுப்பாட்டு மருந்தைத் திரும்பக் கொண்டுவந்தால் 50 மாத்திரைதான் எல்லை. பெற்றோருடன் விடுமுறை முடிந்து திரும்பும் மகன், தனக்கும் சேர்த்துத் தூக்க மாத்திரையை நம் ஊரில் வாங்கிப் போவது நல்ல யோசனை இல்லை.

மற்ற நாடுகளில் கணக்கு மாறும். பிரிட்டனில் கட்டுப்பாட்டு மருந்து என்றால் மூன்று மாதத்துக்குக் குறைவான அளவுக்கு டாக்டர் கடிதம் போதும், அதற்கு மேல் போனால் உள்துறையின் உரிமம் வேண்டும். ஆஸ்திரேலியாவும் பயணிக்கு மூன்று மாத அளவை அனுமதிக்கிறது, இறங்கும்போது அறிவித்தாக வேண்டும். சிங்கப்பூரிலும் சாதாரண மருந்துக்கு மூன்று மாதம்தான். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, கடுமையான வலி மாத்திரை என்றால் அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அமீரகத்தில் அனுமதி முன்பே கையில் இருக்க வேண்டும் என்பது இன்னும் கண்டிப்பு. டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின், அல்பிரசோலம் எதுவாக இருந்தாலும் மருத்துவ அறிக்கை, சீட்டு, பாஸ்போர்ட் நகலோடு அரசின் இணையச் சேவை வழியாக முன் அனுமதி வாங்க வேண்டும். துபாய் வழியாக அமெரிக்கா போகிறவர்கள், நாங்கள் அங்கே இறங்கவே இல்லையே என்று நினைக்கக் கூடாது. விமானம் மாறும் பயணிக்கும் அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். இடையில் ஒரு நாள் ஹோட்டலில் தங்கி ஊர் பார்க்கும் திட்டம் இருந்தால் சுங்கத்தைக் கடந்தே ஆக வேண்டும். அப்படியே அம்மாவின் மசாலா டப்பாவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்.

ஜப்பான் எல்லோரையும்விடக் கறார். சாதாரணச் சீட்டு மருந்தே ஒரு மாதத்துக்கு மேல் என்றால் 'யூன்யூ கக்குனின்-ஷோ' என்ற இறக்குமதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். கவனக்குறைவு நோய்க்கு அமெரிக்காவில் தரும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைக்குச் சீட்டு இருந்தாலும் அனுமதி கிடையாது. சளிக்கு வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கும் தடை. மூக்கடைப்புக்கு என்று பையில் போட்டுக்கொள்ளும் ஓர் அட்டைகூடச் சிக்கலாகும் நாடு அது.

எடுத்துப் போகும் விதத்திலும் கவனம் வேண்டும். மருந்துக்கடையில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும் நாலு மாத்திரைத் துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதித் தேதி இருக்கவே இருக்காது. முழு அட்டையாகக் கேளுங்கள். நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரும்படி பில் வாங்குங்கள். திங்கள் செவ்வாய் என்று அறை பிரித்த மாத்திரை டப்பாவைக் காலியாக எடுத்துப் போய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். டாக்டரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன நோய், எந்த மருந்து, வேதிப் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாள். தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில், வேதிப் பெயரில் எழுத வேண்டும் என்று 2016ல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலே விதி திருத்தியிருக்கிறது. அதனால் கூச்சப்படாமல் கேட்கலாம். மருந்தும் கடிதமும் கையோடு வரும் பையில் இருக்கட்டும். பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையாது. இன்சுலின் கண்டிப்பாகக் கைப்பையில்தான் வர வேண்டும், உறைந்துபோன இன்சுலின் பிறகு உதவாது. திரவத்துக்கு உள்ள 100 மில்லி கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

கூரியரும், தெரிந்தவர் கையும்

கூரியரை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் மீதி மருந்தைத் தபாலில் வரவழைக்க அமெரிக்கா இடம் தருகிறது. பாஸ்போர்ட், விசா நகல், டாக்டர் கடிதம், ஆங்கிலத்தில் சீட்டு எல்லாம் பொட்டலத்தோடு இருக்க வேண்டும். இருந்தாலும் எஃப்டிஏ பிரித்துப் பார்க்கலாம், நிறுத்தி வைக்கலாம், திருப்பி அனுப்பலாம். எத்தனை நாளில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தினமும் சாப்பிட வேண்டிய பிரஷர் மாத்திரையை அப்படி ஒரு பொட்டலத்தை நம்பி விடலாமா?

முறுக்கு, தட்டை, வடகத்துக்கு நடுவில் மாத்திரையை வைத்து, வெளியே 'தின்பண்டம்' என்று எழுதி அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சரியாக அறிவித்த மருந்துப் பொட்டலம் மாட்டினால் அது தாமதம். பொய்யாக அறிவித்தது மாட்டினால் அது கடத்தல் மாதிரித் தெரியும். 2015 ஜூனில் டொயோட்டாவின் தகவல் தொடர்புத் தலைவராக இருந்த அமெரிக்கப் பெண் அதிகாரி டோக்கியோவில் கைதானார். அமெரிக்காவிலிருந்து அவருக்கு வந்த பொட்டலத்தில் நகை என்று எழுதியிருந்தது, உள்ளே ஆக்சிகோடோன் என்ற கடுமையான வலி மாத்திரைகள் 57. வழக்குப் பதிவாகாமல் விட்டுவிட்டார்கள் என்றாலும் கிட்டத்தட்ட மூன்று வாரம் காவலில் இருந்தார், வேலையும் போயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் உயர் அதிகாரிக்கே அதுதான் நிலைமை. கட்டுப்பாட்டு மருந்து எதையும், எந்த நாட்டுக்கும், தபாலிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள்.

தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவது பார்வைக்கு எளிது. ஆனால் எல்லா நாட்டு விதியிலும் 'சொந்த உபயோகத்துக்கு' என்ற சொல் இருக்கிறது. வேறொருவர் பெயரில் சீட்டு இருக்கும் மருந்து, கொண்டுபோகிறவருக்குச் சொந்த உபயோகம் ஆகாது. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது உதவி செய்ய வந்த அந்த அப்பாவிதான். 2017 அக்டோபரில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண் எகிப்தின் ஹுர்காடா விமான நிலையத்தில் 290 டிரமடால் மாத்திரைகளோடு பிடிபட்டார். தன் எகிப்தியத் துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். அவருடைய நாட்டில் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்து அது. மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள், 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

இது கட்டுப்பாட்டு மருந்தின் கதை, பிரஷர் மாத்திரைக்கு இப்படி ஆகாது என்று சொல்லலாம். உண்மைதான். அம்மாவின் தைராய்டு மாத்திரை பாட்டிலை மருமகன் கொண்டுபோனால் உலகம் இடிந்து விழாது. ஆனால் எது கட்டுப்பாட்டு மருந்து என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்கிப் போகிறவருக்கும் தெரியாது என்பதுதான் நிலைமை. 'நரம்பு மாத்திரை' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆகவே குடும்பத்தினர் தவிர யாரிடமும் மருந்து கொடுத்தனுப்ப வேண்டாம், பிறர் மருந்தை வாங்கிப் போகவும் வேண்டாம்.

அங்கேயே வாங்குவது

அமெரிக்காவில் மருத்துவம் என்றாலே லட்சக்கணக்கில் ஆகும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தப் பயம் நியாயம். தினசரி மாத்திரைக்கு அந்தப் பயம் தேவையில்லை. வால்மார்ட் குறிப்பிட்ட பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளை 30 நாளுக்கு 4 டாலர், 90 நாளுக்கு 10 டாலர் என்ற விலைப்பட்டியலில் விற்கிறது. மெட்ஃபார்மின் அந்தப் பட்டியலில் உண்டு. காப்பீடு எதுவும் வேண்டாம். மூன்று மாத மெட்ஃபார்மினை அந்த விலைக்கு வாங்குவது கூரியர் செலவைவிடக் குறைவு.

அதற்கு அந்த நாட்டு டாக்டரின் சீட்டு வேண்டும். நம் ஊர்ச் சீட்டை அங்கே மருந்துக்கடையில் ஏற்க மாட்டார்கள். ஒரு முறை டாக்டரைப் பார்க்கும் செலவு கையிலிருந்துதான் போகும். பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கான வழக்கமான சிகிச்சைக்குத் தராது. ஆனால் அந்த ஒரே வருகையில் எல்லா மாத்திரைக்கும் 90 நாள் சீட்டு வாங்கிவிடலாம். பத்தாவது வாரத்தில் போய்ப் பார்த்தால், கையிருப்பு தீரும் முன்பே மருந்து வந்துவிடும். நம் ஊர் டாக்டர் கொடுத்த கடிதமும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருந்தால் வேலை பாதி குறையும்.

இந்த வழியில் உண்மையான ஆபத்து விலையில் இல்லை, பெயரிலும் அளவிலும் இருக்கிறது. பாராசிட்டமாலை அங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, மகள் வாங்கி வைத்திருக்கும் டைலனாலையும் போட்டுக்கொண்டால் ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்குகிறோம், கல்லீரலுக்குக் கேடு. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டெரால். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு. பிராண்டு பெயர் இதைவிட மோசம். ஃப்ளோமாக்ஸ் என்று அமெரிக்காவில் கேட்டால் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் தருவார்கள், இத்தாலியில் அதே பெயரில் வீக்கம் தணிக்கும் வேறொரு மருந்து விற்கப்பட்டது. எஃப்டிஏவே 2006ல் இதை எச்சரித்தது.

இன்சுலினில் இது உயிர்ப் பிரச்சினை. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான ஊசி சிவப்பு மூடி போட்டது, அதன் கோடுகளும் 40 கணக்கில்தான் இருக்கும். அமெரிக்காவில் மனிதர்களுக்கு விற்கும் சாதாரண இன்சுலின் ஒரு மில்லியில் 100 யூனிட், ஊசிக்கு ஆரஞ்சு மூடி. அப்பாவுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாங்கிய குப்பியில், ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி ஊசியால் 20வது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரவில் சர்க்கரை அடியோடு இறங்கி மயக்கம் வந்துவிடும். மாறாக, ஊர்க் குப்பியில் ஆரஞ்சு ஊசியை விட்டு 20 இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஊர் இன்சுலினுக்கு ஊர் ஊசி, அந்த நாட்டு இன்சுலினுக்கு அந்த நாட்டு ஊசி. இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கவே வைக்காதீர்கள். கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு பேனா இன்சுலினுக்கு மாறிவிட்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தீரும், நம் ஊரிலும் பேனாவுக்கான இன்சுலின் 100 யூனிட் கணக்கில்தான் வருகிறது. அவசரத்துக்கு ஒரு தகவல்: வால்மார்ட்டில் ரிலைஆன் என்ற பெயரில் வரும் மனித இன்சுலின் குப்பி சுமார் 25 டாலர், பெரும்பாலான மாநிலங்களில் சீட்டு இல்லாமலே தருவார்கள்.

அங்கே கிடைக்கவே கிடைக்காத மருந்துகளின் பட்டியல் நீளம். சர்க்கரைக்கு நம் டாக்டர்கள் எழுதும் டெனலிக்ளிப்டின், வோக்ளிபோஸ், பிரஷருக்கான சில்னிடிபின், மூட்டுவலிக்கான அசெக்ளோஃபினாக், எட்டோரிகாக்சிப் எதுவும் அமெரிக்கக் கடையில் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையில் பான்டோப்ரசோலோடு சேர்ந்து வரும் டோம்பெரிடோனுக்கும் அங்கே அங்கீகாரம் இல்லை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடக்கிய கூட்டு மருந்தை அங்குள்ள டாக்டர் பார்த்தே இருக்க மாட்டார்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது அசிட்ரோம். இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க நம் ஊரில் பரவலாகத் தரும் மாத்திரை, வேதிப் பெயர் அசினோகூமரால். அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. அங்கே அதற்குப் பதில் வார்ஃபரின். இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் அளவு வேறு. 2 மில்லிகிராம் அசிட்ரோமுக்கு 2 மில்லிகிராம் வார்ஃபரின் என்று மாற்ற முடியாது. மாற்றினால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் திரும்பத் திரும்பப் பார்த்து அளவைப் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் மாத்திரை விட்டுப்போனால் வால்வில் ரத்தக் கட்டி சேரலாம். இந்த மருந்து சாப்பிடும் ஒருவருக்காக, 90 நாள் எல்லை என் கண்ணை உறுத்துகிறது. இவர்களில் ஆறு மாதம் தங்கப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே இதய மருத்துவரிடம் பேசி, வார்ஃபரினுக்கு மாறி, அளவு நிலைத்த பிறகு கிளம்புவது நல்லது. அல்லது பயணத்தையே மூன்று மாதமாகச் சுருக்கலாம். பேரனைப் பார்க்கும் ஆசை பெரிதுதான், ஆனாலும் இதை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்வது

யாரும் யோசிக்காத வழி இது, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். டிக்கெட் போட்டதும், எட்டு பத்து வாரம் முன்பே, வேதிப் பெயர்ப் பட்டியலோடு டாக்டரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த நாட்டில் கிடைக்காத கூட்டு மாத்திரையை, அங்கும் கிடைக்கும் தனித்தனி மருந்தாகப் பிரித்துத் தர முடியுமா? கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குப் பதில் கட்டுப்பாடு இல்லாத வேறு மருந்து உண்டா? பாத எரிச்சலுக்கு டுலோக்செட்டின் போன்ற மாற்று இருக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவராது, ஒத்துவருமா என்று பார்க்க நாள் வேண்டும். அதனால்தான் பத்து வாரம் என்கிறேன்.

எட்டிசோலமும் அல்பிரசோலமும் பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. தூக்கம் போகும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோதான் வெளியே வர வேண்டும், அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். விமானம் ஏறும் முந்தைய நாள் கட்டுரை எதையோ படித்துப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போடுவதும் கெடுதல்தான்.

ஆக, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தைராய்டு என்ற வழக்கமான வீட்டுக்கு என் தேர்வு இது: கூட்டு மாத்திரைகளை முன்பே பிரித்துக்கொண்டு, 90 நாளுக்குக் கையில் எடுத்துப் போய், மீதியைப் பத்தாவது வாரத்தில் அங்குள்ள டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கடையில் வாங்குவது. பிரிகாபலின் விட முடியாதவர்கள் கடிதத்தோடு, அறிவித்து, 90 நாள் அளவுக்குள் எடுத்துப் போகலாம். அதே நபர் துபாய்க்குப் போகிறார் என்றால் முன் அனுமதி வந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். சிங்கப்பூருக்கு ஒரு வாரம் போய்வருகிறவர்கள் ஒரு வார அளவுக்கு மேல் கொண்டுபோகவே தேவையில்லை, அளவு குறையக் குறையக் கேள்வியும் குறையும்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். நிறுவனத்தின் முத்திரையும் உட்பொருள் பட்டியலும் உள்ள புட்டி என்றால் ஒரு மாத அளவுக்குக் கொண்டுபோகலாம். வைத்தியர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த சூரணமும் பெயரில்லாத பஸ்பமும் வேண்டாம். அடையாளம் சொல்ல முடியாத பொடியை எந்த நாட்டுச் சுங்கமும் விரும்பாது. பாதரசமும் ஈயமும் கலந்த மருந்துகளைப் பற்றி அமெரிக்க, சிங்கப்பூர் அதிகாரிகள் தொடர்ந்து எச்சரித்தும் வருகிறார்கள்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, எட்டிசோலம் மாறியது போல. பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பயணிகளுக்கான விதிகள் நாடு வாரியாக இருக்கின்றன. அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்கோ டெல்லியில் உள்ள தூதரகத்துக்கோ மின்னஞ்சல் எழுதுங்கள். வேதிப் பெயர், மாத்திரையின் அளவு, மொத்த எண்ணிக்கை, தங்கும் நாட்கள், விமானம் மாறும் ஊர் எல்லாம் அதில் இருக்கட்டும். தொலைபேசியில் சொல்லும் பதில் விமான நிலையத்தில் செல்லாது, எழுத்தில் வந்த பதிலை அச்சிட்டு டாக்டர் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.